சமூக உறவும் இறப்பும்: முதியோர் குறித்த ஆய்வொன்றைத் திட்டமிட்டு நடத்தும் முறை

தனித்து வாழும் முதியவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறக்கிறார்களா என்ற கேள்வியோடு ஆய்வுக்கு வருபவர்கள் பலர். கேள்வி எளிமையாகத் தெரிகிறது. தரவும் பல நாடுகளில் பதிவு செய்து விண்ணப்பித்தாலே கிடைத்துவிடுகிறது. புள்ளியியல் மென்பொருள் தெரிந்த ஒருவர் சில நாட்களில் ஓர் அட்டவணையை உருவாக்கிவிடலாம். உறவுகள் குறைந்ததால் உடல் நலிந்ததா, உடல் நலிந்ததால் உறவுகள் குறைந்தனவா என்பதை மட்டும் அந்த அட்டவணை தானாகச் சொல்லாது. இந்தத் துறையில் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்கே போகிறது என்பது என் கணிப்பு. ஏற்கெனவே திரட்டப்பட்ட நீண்டகாலத் தரவைக் கொண்டு முதல் ஆய்வை மேற்கொள்ளும் மாணவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. புதிதாக மக்களைச் சந்தித்துத் தரவு திரட்டுவது வேறு வகைப் பணி என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

முன்னோர் செய்தவற்றைப் படிக்கும் விதம்

முதலில் படிக்க வேண்டியவை மிகச் சிலவே. ஆனால் அவற்றை முடிவுக்காக மட்டும் படிக்காமல் முறைக்காகப் படிக்க வேண்டும். 1858-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் பிரான்ஸ் நாட்டின் இறப்புக் கணக்குகளைத் திருமண நிலைவாரியாகப் பிரித்து, மணமானவர்களின் இறப்பு வீதம் பொதுவாகக் குறைவாக இருப்பதைக் காட்டினார். நோயுற்றவர்களுக்குத் திருமணம் அமைவது அரிது என்ற எதிர்வாதத்துக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. கலிஃபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1965-ல் தொடங்கிய ஆய்வுதான் இந்தத் துறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது எனலாம். ஏறத்தாழ 6,900 பேரிடம் திருமணம், நெருங்கிய நண்பர் உறவினர் தொடர்பு, தேவாலய உறுப்பினர் நிலை, பிற குழுக்களில் பங்கேற்பு ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஒன்பது ஆண்டுகள் அவர்களுடைய இறப்பைக் கண்காணித்தார்கள். லிசா பெர்க்மன், லெனர்ட் சைம் இருவரும் 1979-ல் வெளியிட்ட முடிவின்படி, தொடர்புகள் மிகக் குறைந்தவர்களின் இறப்பு ஆபத்து, தொடர்புகள் மிகுந்தவர்களுடையதைப் போல ஆண்களில் 2.3 மடங்காகவும் பெண்களில் 2.8 மடங்காகவும் இருந்தது. புகை, மது, உடல் எடை, உடற்பயிற்சி, தொடக்கத்தில் அவரவரே சொன்ன உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தத் தொடர்பு மறையவில்லை. இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சரிக்கட்டலையும் (இப்படி வேறொரு காரணியின் பங்கைக் கணக்கில் எடுத்து விலக்குவதை) ஏன் செய்தார்கள் என்று ஓரத்தில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு வேறொரு பாடத்தைத் தருகிறது. அதில் பங்கேற்ற ஏறத்தாழ 18,000 ஆண்களும் லண்டனில் பணியாற்றிய அரசு ஊழியர்கள். எல்லோரும் நிலையான சம்பளம் பெற்றவர்கள். இருந்தும் பதவிப் படியில் கீழே செல்லச் செல்ல இறப்பு வீதம் படிப்படியாக உயர்ந்தது. வறுமைக் கோட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் படிக்கட்டு வடிவத்தைத் தவறவிடுவார்கள். ஆகவே வருமானத்தையோ கல்வியையோ ஆராயும்போது இரண்டு பிரிவுகளாக வெட்டாமல், தரவு இடம் தரும் அளவுக்கு நுட்பமான படிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் பணியாற்றியவர்களும் 148 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவிலிருந்து, வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் உயிர்பிழைத்திருப்பதற்கான சாதக வாய்ப்பு (பிழைத்திருப்பதற்கும் இறப்பதற்கும் உள்ள வாய்ப்புகளின் விகிதம்) சராசரியாக 50 விழுக்காடு கூடுதல், அதாவது 1.5 மடங்கு, என்று கணித்தார்கள். பலரும் இந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஆய்வாளருக்குப் பயன்படுவது அதன் உள்ளே இருக்கும் வேறுபாடு. தனித்து வாழ்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்ட ஆய்வுகளில் அந்த அளவு 1.19 மட்டுமே, உறவின் பல பரிமாணங்களைச் சேர்த்து அளந்த ஆய்வுகளில் 1.91. அளவுகோல் மாறினால் விடையும் இவ்வளவு மாறும் என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

கேள்வியைக் கூர்மையாக்குதல்

‘சமூகக் காரணிகள் ஆரோக்கியத்தைப் பாதிக்கின்றனவா’ என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. அது ஒரு துறையின் பெயர். ஆய்வுக் கேள்வியில் நான்கு விவரங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும்: யார், எந்தச் சமூக நிலை, எதனுடன் ஒப்பிட்டு, எவ்வளவு காலத்துக்குள் இறப்பு. ‘65 வயதில் மணவாழ்க்கையில் இருந்தவர்களில், துணையை இழந்தவர்களின் அடுத்த ஐந்தாண்டு இறப்பு ஆபத்து, அதே வயதில் துணையோடு தொடர்ந்து வாழ்ந்தவர்களைவிட எவ்வளவு கூடுதல்’ என்று எழுதினால் பாதிப் பகுப்பாய்வு முடிந்தது போலத்தான். காலத்தைக் குறிப்பிடுவது அலங்காரத்துக்காக அல்ல. 1963-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 55 வயதுக்கு மேற்பட்ட, மனைவியை இழந்த 4,486 ஆண்களைக் கண்காணித்தபோது, முதல் ஆறு மாதங்களில் இறப்பு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்து, பின்னர் தணிந்ததைக் கண்டது. பத்தாண்டுச் சராசரியை மட்டும் எடுத்திருந்தால் அந்த ஆறு மாதங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

தரவைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவின் ஆரோக்கியமும் ஓய்வும் குறித்த ஆய்வு 1992-ல் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. 50 வயதைக் கடந்தவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டி காண்கிறது. அதன் வடிவத்தைப் பின்பற்றி இங்கிலாந்தில் 2002-லும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 2004-லும், சீனாவில் 2011-லும் இதே போன்ற ஆய்வுகள் தொடங்கின. இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரைக் கொண்ட ஆய்வின் முதல் சுற்று 2017-ல் தொடங்கியது. கேள்விகள் பெருமளவு ஒத்திருப்பதால் நாடுகளுக்கிடையே ஒப்பிட வழி உண்டு. ஒரே சுற்றுத் தரவை வைத்து இறப்பை ஆராய இயலாது. பேட்டி கண்டபின் யார் எப்போது இறந்தார் என்ற தகவல் வேண்டும் என்பதை மறந்து விண்ணப்பிக்காதீர்கள்.

இறப்புத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தரவுக் கையேட்டில் முதலில் தேடுங்கள். சில ஆய்வுகள் அரசின் இறப்புப் பதிவேட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். மற்றவற்றில் அடுத்த சுற்றில் வீட்டுக்குச் செல்லும் களப்பணியாளர் குடும்பத்தினரிடம் கேட்டுத்தான் இறப்பை அறிவார். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நம் கேள்விக்கு அது உயிர்நாடியானது. குடும்பம் இல்லாதவர், வீடு மாறியவர், கதவைத் திறக்காதவர் ஆகியோர் பார்வையிலிருந்து மறையும்போது அவர்களுடைய இறப்பும் சேர்ந்து மறைகிறது. தனிமையில் இருப்பவர்களின் இறப்பே அதிகம் விடுபடும் என்பதால், கிடைக்கும் விடை உண்மையைவிடச் சிறியதாக இருக்கும். பதிவேட்டோடு இணைந்த தரவு கிடைக்குமானால், விண்ணப்பிப்பதில் தாமதமானாலும் அதற்காகக் காத்திருப்பது பயன் தரும்.

மாதிரியின், அதாவது ஆய்வில் சேர்ந்தவர்களின் தொகுதியின், அளவைப் பார்க்கும்போது ஆட்களை எண்ணாதீர்கள், இறப்புகளை எண்ணுங்கள். தனித்து வாழ்வோர் நான்கில் ஒரு பங்கு என்றும், கண்டறிய விரும்பும் ஆபத்து விகிதம் (ஒரு குழுவின் இறப்பு ஆபத்து மற்றதைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.3 என்றும் கொண்டால், வழக்கமான 5 விழுக்காடு முக்கியத்துவ அளவில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 விழுக்காடு திறனுக்கு (இருக்கும் வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு) ஏறத்தாழ 600 இறப்புகள் தேவைப்படும். இருபதாயிரம் பேர் கொண்ட தரவில் 200 இறப்புகளே இருந்தால் அது உங்கள் கேள்விக்குச் சிறிய தரவுதான்.

சமூக உறவை அளத்தல்

தனித்து வாழ்தல், தொடர்புகள் குறைந்திருத்தல், தனிமையை உணர்தல் ஆகிய மூன்றும் மூன்று வேறு நிலைகள். நிறைந்த வீட்டில் பேச ஆளில்லாமல் இருப்பவரும் உண்டு. ஒற்றை அறையில் வசித்துக்கொண்டு நாள் முழுவதும் நண்பர்களோடு இருப்பவரும் உண்டு. முதலாவதை வீட்டு உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். இரண்டாவதற்கு எத்தனை பேரை, எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற கேள்விகள் வேண்டும். மூன்றாவதற்கு, பெரிய ஆய்வுகளுக்கென 2004-ல் சுருக்கி வெளியிடப்பட்ட மூன்று கேள்விகள் கொண்ட தனிமை அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: துணையில்லாததாக, ஒதுக்கப்பட்டதாக, பிறரிடமிருந்து பிரிந்திருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்பவையே அந்தக் கேள்விகள். மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. எந்த நிலை எந்த வழியாக உடலை எட்டுகிறது என்ற கேள்வியையே அது அழித்துவிடுகிறது.

வழிகள் உண்மையில் வேறுபட்டவை. 1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் நடந்த ஆய்வில், தனித்து வாழ்ந்தவர்களும் அன்றாடம் வீட்டை விட்டு வெளியே வராதவர்களும் கூடுதல் ஆபத்தில் இருந்தது தெரியவந்தது. அங்கே செயல்பட்டது நாள்பட்ட மனவருத்தம் அல்ல. மயங்கியவரை எட்டிப் பார்க்க ஆளில்லாத நிலை. மாறாக, நீடித்த தனிமையுணர்வு இதய நோயோடு தொடர்புபடும்போது, உறக்கக் குறைவு, மன அழுத்தம், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றின் வழியாக அது மெதுவாகச் செயல்படக்கூடும். முதல் வகைக்கு ‘வீட்டில் வேறு யார் இருக்கிறார்’ என்ற கேள்வியே போதுமான அளவுகோல். இரண்டாவதற்கு அது போதவே போதாது.

ஒரே கேள்விக்கு எல்லாச் சமூகங்களிலும் ஒரே பொருள் இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வது வழக்கமாக உள்ள இடத்தில் தனித்து வாழ்பவர் ஏதோ ஓர் இழப்பைச் சந்தித்தவராக இருக்கலாம். தனித்து வாழ்வதே வழக்கமாக உள்ள இடத்தில் அவர் வசதியும் உடல்வலுவும் உள்ளவராக இருக்கலாம். பல நாட்டுத் தரவை ஒன்றாகக் கொட்டி ஒரே எண்ணைப் பெறுவதற்கு முன், நாடுவாரியாகத் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.

வயதும் காலமும்

இந்த ஆய்வில் மற்ற எந்தக் காரணியையும்விட வயதே வலியது. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-ல் காட்டியது போல, வளர்ந்தவர்களின் இறப்பு ஆபத்து வயதோடு மடங்கு மடங்காகப் பெருகுகிறது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. இதன் விளைவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எட்டாண்டில் இரண்டு மடங்கு என்றால், மூன்றாண்டில் 1.3 மடங்கு. அதாவது நீங்கள் ஒப்பிடும் இரண்டு குழுக்களுக்கிடையே மூன்று வயது வேறுபாடு கவனிக்கப்படாமல் இருந்தால், தனிமைக்கு எந்தப் பங்கும் இல்லாதபோதும் ஆபத்து விகிதம் 1.3 என்று வந்து நிற்கும். துணையை இழந்தவர்கள் இயல்பாகவே வயதில் மூத்தவர்கள் என்பதால் இது கற்பனை ஆபத்து அல்ல. வயதைப் பத்தாண்டுப் பிரிவுகளாக்கிச் சேர்ப்பது போதாது. டேவிட் காக்ஸ் 1972-ல் முன்வைத்த ஆபத்து மாதிரியை (ஒவ்வொரு காரணியும் ஆபத்தை எத்தனை மடங்காக்குகிறது என்று கணிக்கும் சமன்பாட்டை)ப் பயன்படுத்தும்போது, ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து காலத்தை எண்ணாமல் வயதையே கால அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 78 வயதில் இறந்த ஒருவர், அதே 78 வயதில் உயிரோடு இருந்து கண்காணிப்பில் உள்ளவர்களோடு மட்டுமே ஒப்பிடப்படுவார். அவர் 71 வயதில் ஆய்வில் சேர்ந்திருந்தால் 71-க்கு முந்தைய ஆண்டுகள் கணக்கில் வரக்கூடாது. அந்த ஆண்டுகளில் அவர் இறந்திருந்தால் ஆய்வுக்கே வந்திருக்க மாட்டார்.

இதை ஒரு கற்பனை வரிசையை, அதாவது தரவில் ஒருவருக்குரிய பதிவைக் கொண்டு விளக்குவது எளிது. 1933 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண்மணி 2004 ஏப்ரலில், 71 வயதில், கணவருடன் வாழ்ந்துவரும் நிலையில் ஆய்வில் சேர்கிறார். 2007 ஜூனில் கணவர் இறக்கிறார். அதன்பின் தனியே வாழ்கிறார். 2009 செப்டம்பரில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் மகள் வீட்டுக்குப் போகிறார். 2011 ஜனவரியில் இறக்கிறார். மொத்தக் கண்காணிப்புக் காலம் 6 ஆண்டு 9 மாதம். அதில் கணவருடன் 3 ஆண்டு 2 மாதம், தனியே 2 ஆண்டு 3 மாதம், மகளுடன் 1 ஆண்டு 4 மாதம்.

அவருடைய இறப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? தொடக்க நிலையை மட்டும் வைத்தால் ‘கணவருடன் வாழ்ந்தவர்’ கணக்கில் விழும். நிலை மாறும் ஒவ்வொரு முறையும் வரிசையை வெட்டிப் புதுப்பித்தால் ‘குடும்பத்தினருடன் வாழ்ந்தவர்’ கணக்கில் விழும். தனியே வாழ்ந்த 27 மாதங்களுக்கு இரண்டு முறையிலும் எந்தப் பழியும் வராது. போதாக்குறைக்கு, நோயுற்றபின் உறவினர் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும் அனைவரும் இரண்டாவது முறையில் ‘தனியே இல்லாதவர்’ பக்கம் சேர்வதால், சேர்ந்து வாழ்வதுதான் ஆபத்தானது போன்ற தோற்றம் உண்டாகும். இதற்கு ஒரே சரியான விடை இல்லை. கேள்வியைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டும். துணையிழப்பின் விளைவைக் கேட்டால், துணையிழந்த நாளிலிருந்து அவரைத் துணையிழந்தவராகவே இறுதிவரை வைத்துக்கொள்ளலாம். தனித்து வாழ்வதன் விளைவைக் கேட்டால், நிலையை இரண்டு ஆண்டுகள் பின்தள்ளி, அதாவது ஒவ்வொரு தருணத்திலும் இரண்டாண்டுக்கு முன் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கொண்டு கணக்கிடலாம். அப்போது இந்தப் பெண்மணியின் இறப்பு, 2009 ஜனவரியில் அவர் இருந்த நிலையான ‘தனித்து வாழ்தல்’ என்பதில் சேரும். எந்த முறையைத் தேர்ந்தாலும், தரவைத் திறக்குமுன் அதை எழுதி வைத்துவிடுங்கள்.

எதிர்காலத்தைக் கொண்டு நிகழ்காலத்தைப் பிரிக்கும் தவறும் அடிக்கடி நேர்வது. ‘ஆய்வுக் காலத்தில் என்றாவது தன்னார்வப் பணியில் ஈடுபட்டவர்’ என்று ஒரு குழுவை அமைத்தால், மூன்றாம் சுற்றில் அந்தப் பணியைத் தொடங்கியவர் அதுவரை இறக்காமல் இருந்தாக வேண்டும். இறக்கவே முடியாத அந்த ஆண்டுகள் அவர் கணக்கில் இலவசமாகச் சேர்கின்றன. தன்னார்வப் பணி ஆயுளை வளர்ப்பதாக அட்டவணை பொய் சொல்லும்.

இன்னொரு நுணுக்கம், நினைவாற்றல் குன்றியவர்களுக்குப் பதிலாக மனைவியோ மகனோ விடை சொல்லும் பேட்டிகளைப் பற்றியது. எத்தனை பிள்ளைகள், யாருடன் வசிக்கிறார் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லலாம். தனிமையை எவ்வளவு உணர்கிறார் என்பதற்குச் சொல்ல இயலாது. எனவே அத்தகைய வரிசைகளில் தனிமை மதிப்பெண் காலியாக இருக்கும். அவற்றை நீக்கிவிட்டால், மிகவும் நோயுற்றவர்களை மொத்தமாக நீக்கியவர் ஆவீர்கள்.

எதைச் சரிக்கட்டுவது, எதை விடுவது

ஒரு தாளில் தனிமையை இடப்பக்கமும் இறப்பை வலப்பக்கமும் எழுதி, மற்ற காரணிகளை அம்புக்குறிகளால் இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் முன்னே நின்று இரண்டையும் தள்ளுவது குழப்பக் காரணி: வயது, பாலினம், சிறுவயது வறுமை, கல்வி, தொடக்கத்திலேயே இருந்த நோய். இவற்றைச் சரிக்கட்டியாக வேண்டும். இடையே நின்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவது இடைக் காரணி: தனிமையால் வந்த மனச்சோர்வு, அதனால் கூடிய புகைப்பழக்கம். இவற்றையும் மாதிரிக்குள் போட்டுவிட்டு, ‘சரிக்கட்டியபின் தொடர்பு மறைந்துவிட்டது, ஆகவே தனிமைக்குப் பங்கில்லை’ என்று எழுதுவது, பாலத்தை இடித்துவிட்டு ஆற்றைக் கடக்க வழியில்லை என்று சொல்வதற்குச் சமம்.

சிக்கல் என்னவென்றால், புகைப்பழக்கம் தனிமைக்கு முன்னும் இருந்திருக்கலாம், பின்னும் வந்திருக்கலாம். பல சுற்றுத் தரவு இங்கேதான் கைகொடுக்கிறது: குழப்பக் காரணிகளை முதல் சுற்றிலிருந்தும், சமூக உறவை இரண்டாம் சுற்றிலிருந்தும் எடுத்து, இறப்பை அதற்குப் பின்னரே எண்ணத் தொடங்குங்கள். வரிசை காலத்தாலேயே உறுதியாகிவிடும். பிறகு மாதிரிகளைப் படிப்படியாகக் கட்டுங்கள்: வயது, பாலினம் மட்டும் கொண்டது, சமூகப் பொருளாதார நிலை சேர்ந்தது, முந்தைய நோயும் உடல் இயக்கமும் சேர்ந்தது. நடத்தையும் மனநிலையும் சேர்ந்த நான்காவது மாதிரியைத் தனி நோக்கத்துக்காக, அதாவது வழியை ஆராய்வதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க உடல்நிலையை அளக்கும்போது மருத்துவர் சொன்ன நோய்ப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவரிடமே போகாதவருக்கு நோய்ப் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற அன்றாடச் செயல்களில் உதவி வேண்டுமா என்ற கேள்விகள், கைப்பிடி வலிமை, நடைவேகம், ‘பொதுவாக உங்கள் உடல்நிலை எப்படி’ என்ற ஒற்றைக் கேள்வி ஆகியவை இறப்பை நன்கு முன்னறிவிப்பவை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த ஒற்றைக் கேள்வியைப் பற்றி 27 சமூக ஆய்வுகளை அலசி 1997-ல் வெளியான கட்டுரை, மற்ற உடல்நலக் குறியீடுகளைச் சரிக்கட்டியபின்னும் பெரும்பாலானவற்றில் அது இறப்பை முன்னறிவித்ததைக் காட்டியது. நான்கு சொற்களில் அடங்கும் ஒரு கேள்வி, ஆய்வகப் பரிசோதனைகளோடு போட்டி போடுவது இந்தத் துறையின் வியப்புகளில் ஒன்று.

எது முந்தியது என்பதைச் சோதித்தல்

மேற்சொன்ன எல்லாம் செய்தபின்னும், கண்டறியப்படாத நோய் ஒருவரை ஏற்கெனவே வீட்டுக்குள் முடக்கியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சும். அதற்கு எளிய முதல் சோதனை, கண்காணிப்பின் முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் நேர்ந்த இறப்புகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுவது. விகிதம் 1.5-லிருந்து 1.1-க்குச் சரிந்தால், முன்பு பார்த்ததில் பெரும்பகுதி நோயின் நிழலே என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1.4-ல் நின்றால் நம்பிக்கை கூடும். இருந்தாலும் மறதி நோய் போன்றவை பத்தாண்டுக்கும் மேலாக மறைந்திருந்து ஆளைச் சுருக்கக்கூடியவை என்பதால் இந்தச் சோதனையை முடிவான சான்றாகக் கொள்ள இயலாது.

இதைவிட வலுவானது, உடல்நிலையோடு சம்பந்தமில்லாமல் வெளியிலிருந்து வந்த மாற்றத்தைத் தேடுவது. பணி ஓய்வு இறப்பை விரைவுபடுத்துகிறதா என்று பார்க்கும்போது, நோயுற்றவர்களே முன்கூட்டி ஓய்வு பெறுவதால் நேரடி ஒப்பீடு கெட்டுவிடுகிறது. ஆனால் சட்டம் ஓய்வூதிய வயதை மாற்றும்போது, மாற்றம் பொருந்தத் தொடங்கும் பிறப்பாண்டுக்குச் சற்று முன் பிறந்தவரும் சற்றுப் பின் பிறந்தவரும் உடல்நிலையில் வேறுபட்டவர்கள் அல்லர். ஓய்வு பெறும் வயதில் மட்டுமே வேறுபடுகிறார்கள். இரட்டையர்களையும் உடன்பிறந்தவர்களையும் ஒப்பிடுவது சிறுவயதுச் சூழலை ஓரளவு சமன்செய்யும். இத்தகைய வாய்ப்பு எல்லாத் தரவிலும் அமையாது.

அமையாதபோது, அளக்கப்படாத ஒரு குழப்பக் காரணி எவ்வளவு வலியதாக இருந்தால் உங்கள் முடிவை முழுமையாகக் கரைத்துவிடும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். 2017-ல் டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் இதற்கு ஓர் எளிய சூத்திரத்தை முன்வைத்தார்கள்: விகிதத்தை, அதிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மீண்டும் விகிதத்தோடு கூட்டவேண்டும். விகிதம் 1.5 என்றால் விடை ஏறத்தாழ 2.4. தனிமையோடும் இறப்போடும் தலா 2.4 மடங்கு தொடர்புடைய ஏதோ ஒன்றை நாம் அளக்கத் தவறியிருந்தால்தான் முடிவு கரையும். அப்படி ஒன்று இருக்க வாய்ப்புண்டா என்பதைத் துறை அறிவைக் கொண்டு நீங்கள் வாதிட வேண்டும். சூத்திரம் அதைச் செய்யாது.

முடிவை எழுதுதல்

மடங்குக் கணக்கை மட்டும் எழுதாதீர்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 20 பேர் இறக்கும் குழுவில் 1.3 மடங்கு என்றால் 26 பேர். கூடுதல் ஆறு பேர். வாசகருக்கு இரண்டு எண்களும் வேண்டும். முன்னர் பார்த்த வயதுக் கணக்கையும் பயன்படுத்தி, ‘இந்தக் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ மூன்று வயது மூத்தவருக்குரியது’ என்று சொல்லலாம். இதழியலாளர்கள் அதைத் திரித்து எழுதும் வாய்ப்பும் குறைவு. நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளை, அடைப்புக்குறிக்குள் ஒளிக்காமல் வாக்கியத்திலேயே கொண்டுவருவது நல்ல வழக்கம்.

இறப்புக்கான காரணம் வாரியாகப் பிரித்து எழுத ஆசை எழும். 80 வயதைக் கடந்தவரின் இறப்புச் சான்றிதழில் ஒரே காரணத்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவருக்கே கடினம். பல நோய்கள் சேர்ந்தே அவரைக் கொண்டுசென்றிருக்கும். தனித்து வாழ்ந்தவரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லாததால், அவருடைய சான்றிதழில் காரணம் பொதுப்படையாக எழுதப்படவும் வாய்ப்பு அதிகம். ஆகவே முதன்மை முடிவாக எல்லாக் காரண இறப்பையும், துணை முடிவாக மட்டும் காரணவாரிக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, ஒன்றில் முடிவு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்று மற்றொன்றில் பெறவில்லை என்றால், ‘தனிமை ஆண்களை மட்டுமே பாதிக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு விகிதங்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே நேரடியாகச் சோதித்தபின் எழுதுங்கள். ஆண்களில் இறப்புகள் கூடுதல் என்பதால் மட்டுமே அங்கே முடிவு தெளிவாகத் தெரிந்திருக்கலாம்.

கட்டுரையின் முறைப் பகுதியை, நோக்கீட்டு ஆய்வுகளுக்கென (எதையும் மாற்றாமல் கவனிக்க மட்டும் செய்பவை) 2007-ல் வெளியான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு முடியுங்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் எதனால் விலகினார்கள் என்ற படம் அவசியம் இருக்க வேண்டும். விலகியவர்களின் தொடக்கத் தனிமை மதிப்பெண்ணையும் நீடித்தவர்களுடையதையும் அருகருகே கொடுங்கள். கணக்கிட்ட கணினி நிரல்களைப் பொதுவில் வெளியிடலாம், தரவை வெளியிடக்கூடாது. பிறந்த மாதம், துணையிழந்த மாதம், இறந்த மாதம், ஊர் ஆகிய நான்கும் சேர்ந்தால் பெயரில்லாமலேயே ஒருவரை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால், பதிவேட்டோடு இணைந்த தரவைத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட கணினியில் மட்டுமே பணியாற்ற அனுமதிக்கின்றன. அட்டவணையின் ஒரு கட்டத்தில் மிகச் சிலரே இருந்தால் அதை வெளியே எடுத்துச்செல்லவும் விடமாட்டார்கள். எனவே பிரிவுகளை எவ்வளவு நுட்பமாக வெட்டுவது என்பதைத் தொடக்கத்திலேயே அவர்களுடைய விதிகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.